மேனுவலா, ஆட்டோவா? ஓர் உரிமத்தின் வரலாறு

எஸ்.பி.எம். முடித்ததும் குனோங் ராபாட் மாணவர்கள் கேட்பார்கள்: “டீச்சர், லைசன்ஸ் மேனுவலா, ஆட்டோவா?” இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

தானாக கியர் மாறும் ‘ஹைட்ராமேட்டிக்’ பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிமுகப்படுத்தியது. நம் நாட்டில் 1985இல் புரோட்டோன் சாகாவும் 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வந்தன. வீட்டில் ஆட்டோ காடி இருந்தாலும், உரிமத் தேர்வுக்குக் கிளட்ச் பழகியே ஆகணும். 2014இல் ஆட்டோவுக்கென ‘டிஏ’ உரிமம் வந்தபிறகே அந்தக் கட்டாயம் நீங்கியது.

மாணவர்களே, ‘டி’ உரிமத்தில் இரண்டையும் ஓட்டலாம். ‘டிஏ’யில் ஆட்டோ மட்டும்தான். அப்பாவின் பழைய மேனுவல் கஞ்சிலையோ வேலையிடத்து மேனுவல் வேனையோ தொட முடியாது. வசதி வந்தது, ஒரு கைத்திறன் விருப்பப் பாடமாகிவிட்டது. காரணம், விளைவு கட்டுரைக்கு இது நல்ல தலைப்பு.

என் பதில்? வேலை தேடப் போறீங்கன்னா ‘டி’ எடுங்க.