ஒலிபெருக்கி என்னும் ஒற்றைச் சொல்: வீட்டு ஒலியமைப்பில் திறன்பெருக்கி – ஒலிபெருக்கிப் பொருத்தத்தின் வரலாறு (சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

மின்குறிப்பைப் பெருக்கும் கருவியும், பெருக்கப்பட்ட மின்குறிப்பை ஒலியாக மாற்றும் கருவியும் வெவ்வேறானவை. ஆயினும் தமிழ்ப் பொதுவழக்கில் 'ஒலிபெருக்கி' என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் தழுவி நிற்கிறது. பொதுவெளியில் இரண்டும் ஒரே 'மைக் செட்'டாக இயங்கியதால் இச்சொல் போதுமானதாக இருந்தது. வீட்டு ஒலியமைப்பு பரவியபோது இரண்டையும் தனித்தனியே வாங்கிப் பொருத்தும் பொறுப்பு நுகர்வோரிடம் வந்து சேர்ந்தது. அப்பொருத்தத்தின் நுட்ப வரலாற்றையும், அதுபற்றிய அறிவு தமிழகத்தில் எவ்வழியே பரவியது, எங்கே தடைபட்டது என்பதையும் பாரிவாக்கம் அடங்கிய சென்னை மேற்குப் புறநகரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திறன்பெருக்கி, ஒலிபெருக்கி, மின்னெதிர்ப்பு, வீட்டு ஒலியமைப்பு, மைக் செட், பாரிவாக்கம்

முன்னுரை

தமிழகத்தில் ஒலித் தொழில்நுட்பம் குறித்த ஆய்வுகள் பெரிதும் இசைத்தட்டு, வானொலி, திரைப்படம், அரசியல் மேடை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. இசை வீட்டுக்குள் எவ்வாறு ஒலித்தது, அதற்கான கருவிகள் எவ்வாறு இணைக்கப்பட்டன என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. அவ்விடைவெளியின் ஒரு பகுதியை நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கம். இங்குத் 'திறன்பெருக்கி' என்பது ஆம்ப்ளிஃபயரையும், 'ஒலிபெருக்கி' என்பது ஸ்பீக்கரையும் மட்டுமே குறிக்கும். மாறுமின்னோட்டத்துக்கு ஒலிபெருக்கி காட்டும் மொத்த எதிர்ப்பு, கடைவழக்கில் 'இம்பிடென்ஸ்' எனப்படுவது, 'மின்னெதிர்ப்பு' என வழங்கப்படுகிறது.

களம்: பாரிவாக்கமும் சுற்றுப்புறமும்

பூந்தமல்லியை அடுத்துள்ள பாரிவாக்கம், தொண்டை மண்டலத்தில் மிகுதியாகக் காணப்படும் 'வாக்கம்' என முடியும் ஊர்களுள் ஒன்று. இதன் சுற்றுவட்டாரம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரைந்து மாறியது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிச பாணிச் சமுதாயம் என்னும் குறிக்கோளை ஏற்றது. பின்னர் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் உருவாயின. மாத ஊதியம் பெறும் தொழிலாளர் குடும்பங்கள் இப்பகுதியில் பெருகின. வானொலிப் பெட்டி, டேப் ரிக்கார்டர், ஸ்டீரியோ எனப் படிப்படியாக வீட்டு ஒலிக்கருவிகளை வாங்கும் வாய்ப்புடைய ஒரு பிரிவினர் இவ்வாறு தோன்றினர். அதே வேளையில் ஆடி மாதக் கூழ்வார்த்தலும் அம்மன் கோயில் திருவிழாவும் குழாய் ஒலிபெருக்கியின் பாடலோடு தொடர்ந்தன. ஆகவே, பொதுவெளி ஒலியும் வீட்டு ஒலியும் அடுத்தடுத்து நிலவும் களமாக இப்புறநகர் அமைகிறது.

பிறப்பிலேயே இணைந்த இரட்டையர்

இன்றைய ஒலிபெருக்கிகளின் முன்மாதிரியைச் செஸ்டர் ரைசும் எட்வர்டு கெல்லாகும் 1925இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கினர். காந்தப்புலத்தில் அசையும் சுருள் ஒரு தாள் கூம்பை இயக்கும் அவ்வமைப்பு, முந்தைய குழாய் வடிவ ஒலிபெருக்கிகளைவிட மிகுதியான திறனை வேண்டியது. எனவே 1926இல் 'ரேடியோலா 104' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது, ஏறத்தாழ 1 வாட் தரும் திறன்பெருக்கியும் அதே பெட்டிக்குள் வைக்கப்பட்டது. இக்கருவியில் பொருத்தம் தயாரிப்பாளரின் பொறுப்பாகவே இருந்தது. பின்வந்த வானொலிப் பெட்டிகளுக்கும் இது பொருந்தும்.

சென்னையிலும் வீட்டு ஒலியின் முதற்கட்டம் இத்தகையதே. 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930இல் மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. இக்காலத்து வால்வு வானொலியை வாங்கியவர் உள்ளிருக்கும் ஒலிபெருக்கியைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருந்த வெளியீட்டு மின்மாற்றியே பொருத்தத்தை நிகழ்த்தியது.

அம்மின்மாற்றியின் பணி எளிய கணக்கால் விளங்கும். வெளியீட்டு வால்வு ஏறத்தாழ 5000 ஓம் பளுவை வேண்டுகிறது. ஒலிபெருக்கியோ 8 ஓம் மட்டுமே. இரண்டின் விகிதம் 625. மின்னெதிர்ப்பு, சுற்றுகளின் விகிதத்தினது வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், 625இன் வர்க்கமூலமான 25க்கு 1 என்னும் சுற்று விகிதம் இரண்டையும் இணைத்துவிடும். 'மேட்சிங்' என்னும் சொல் தமிழகப் பழுதுபார்ப்போர் வழக்கில் நிலைத்தமைக்கு இவ்வால்வுக் காலமே பின்புலம் எனலாம்.

மைக் செட்: கூட்டல் கணக்கான பொருத்தம்

பொதுவெளியில் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. நீண்ட கம்பிவழியே பல குழாய் ஒலிபெருக்கிகளை இயக்க வேண்டியிருந்தது. நானிக் மோட்வானியின் சிகாகோ ரேடியோ நிறுவனம் விடுதலைப் போராட்டக் காலத்துக் காங்கிரசு மாநாடுகளுக்கு ஒலியமைப்பு வழங்கியமை நன்கு அறியப்பட்டது. பின்னாளில் தில்லியின் அகுஜா நிறுவனத் திறன்பெருக்கிகள் தமிழக ஊர்களின் மைக் செட்டுகளில் பரவலாக இடம்பெற்றன.

இத்தகைய கருவிகளில் 4, 8, 16 ஓம் முனைகளோடு 100 வோல்ட் முனையும் உண்டு. 100 வோல்ட் முறையில் ஒவ்வொரு குழாய் ஒலிபெருக்கிக்கும் தனி மின்மாற்றி அமையும். 10 வாட் அளவில் வைக்கப்பட்ட ஓர் ஒலிபெருக்கி 1000 ஓம் பளுவாகத் தோன்றும். அத்தகைய பத்தை இணையாகக் கட்டினால் மொத்தப் பளு 100 ஓம், மொத்தத் திறன் 100 வாட். வாட்டுகளின் கூட்டுத்தொகை திறன்பெருக்கியின் அளவை மீறாதிருந்தால் போதும். மின்னெதிர்ப்புப் பற்றிய கல்வி இல்லாத தொழிலாளியும் கூட்டல் கணக்கால் பழுதின்றி இயங்க இம்முறை இடமளித்தது. செட்டுக்காரரிடம் திரண்ட அறிவு அனுபவ அறிவு. அது குருவிடமிருந்து உதவியாளுக்குக் கைமாறியதேயன்றி எழுத்தில் பதிவாகவில்லை. அவரிடம் திறன்பெருக்கியும் ஒலிபெருக்கியும் ஒரே உடைமையாக, ஒரே வாடகைப் பொருளாக இருந்தன. 'ஒலிபெருக்கி' என்னும் ஒற்றைச் சொல் முழுத் தொகுதியையும் சுட்டப் போதுமானதாக இருந்தது இதனாலேயே.

பிரிவும் பொறுப்பு மாற்றமும்

உயர்தர வீட்டு ஒலியமைப்பு என்னும் கருத்து இரண்டாம் உலகப் போரை அடுத்து உருப்பெற்றது. 1947இல் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட திறன்பெருக்கி வடிவமைப்பு, எதிர்ப் பின்னூட்டத்தின் துணையால் திரிபை மிகக் குறைத்தது. 1954இல் எட்கர் வில்ச்சரின் மூடிய பெட்டி ஒலிபெருக்கி அறிமுகமானது. சிறிய பெட்டியில் ஆழ்ந்த தாழொலியைத் தந்த இவ்வமைப்பு, அதற்கு ஈடாக மிகுதியான திறனை வேண்டியது. ஒலிபெருக்கியின் தெரிவே திறன்பெருக்கியின் அளவைத் தீர்மானிக்கும் நிலை இதனால் வலுப்பெற்றது. 1961இல் நெவில் தீலும் 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்டு சுமாலும் பெட்டிக்கும் கூம்புக்குமான உறவைக் கணித அளவைகளாக வகுத்தனர்.

டிரான்சிஸ்டரின் வருகை 'பொருத்தம்' என்னும் சொல்லின் பொருளையே மாற்றியது. டிரான்சிஸ்டர் திறன்பெருக்கிகள் பெரும்பாலும் வெளியீட்டு மின்மாற்றியைக் கைவிட்டன. அவற்றின் உள்ளெதிர்ப்பு 0.1 ஓம் அளவுக்கும் கீழே இறங்கியது. 8 ஓம் ஒலிபெருக்கியை இதனோடு இணைக்கும்போது இரு பக்கமும் சமமாவதில்லை, சமமாக வேண்டியதுமில்லை. உள்ளெதிர்ப்புக் குறைந்திருப்பதே கூம்பின் தேவையற்ற அசைவைக் கட்டுப்படுத்துகிறது. 8ஐ 0.1ஆல் வகுக்கக் கிடைக்கும் 80 என்னும் எண்ணே தணிப்புக் காரணி. மெல்லிய கம்பி 0.5 ஓம் தடையைச் சேர்த்தால் அது ஏறத்தாழ 13ஆகக் குறைந்துவிடும். ஆகவே சமப்படுத்துதல் என்பதிலிருந்து 'குறைந்தபட்ச எல்லையைக் காத்தல்' என்பதாகப் பொருத்தம் பொருள்மாற்றம் பெற்றது. இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகக் கட்டினால் 4 ஓம். இரண்டு 4 ஓம் பெட்டிகளைக் கட்டினால் 2 ஓம். கருவி தாங்கும் எல்லைக்குக் கீழே பளு இறங்கும்போது மின்னோட்டம் மிகுந்து வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் கருகும்.

தமிழகத்தில் இம்மாற்றம் இரு வழிகளில் நிகழ்ந்தது. ஒன்று, ஆயத்த ஸ்டீரியோக் கருவிகள். 1977 சூலை 23இல் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியமையும், 1980களின் ஒலிநாடாப் பெருக்கமும் நல்லொலிக்கான விருப்பத்தை வளர்த்தன. மற்றொன்று, 'அசெம்பிள் செட்'. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மின்மாற்றி, 2என்3055 போன்ற டிரான்சிஸ்டர், பின்னர் டி.டி.ஏ. 2030 போன்ற ஒருங்கிணைசுற்று, கூம்பு, வெற்றுப்பெட்டி ஆகியன தனித்தனியே கிடைத்தன. 1969இல் தொடங்கிய 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' போன்ற ஆங்கில இதழ்கள் சுற்றுப்படங்களை வழங்கின. இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. உறுப்புகள் தமிழ்நாட்டுத் தெருவில் கிடைத்தன. அவற்றைப் பொருத்தும் அறிவு பெரும்பாலும் ஆங்கில எழுத்திலோ கடைக்காரரின் வாய்மொழியிலோ தங்கியது. செட்டுக்காரரின் கூட்டல் கணக்கு 100 வோல்ட் முறைக்கே உரியது. பெட்டி கூடக்கூட மின்னெதிர்ப்புக் குறையும் 8 ஓம் வீட்டமைப்பில் அதே பழக்கத்தைப் பின்பற்றினால் கருவி பழுதாகும். பொதுவெளி அறிவு வீட்டுக்குள் அப்படியே செல்லுபடியாகவில்லை என்பது இதனால் புலனாகிறது.

வாட் என்னும் மயக்கம்

1991ஆம் ஆண்டின் பொருளாதாரத் தாராளமயத்தைத் தொடர்ந்து இசைக்கருவிச் சந்தை விரிந்தது. 'பி.எம்.பி.ஓ.' என்னும் உச்ச அளவு பெட்டிகளின்மேல் ஆயிரக்கணக்கான வாட்டுகளாக அச்சிடப்பட்டது. இதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவீட்டு முறை ஏதுமில்லை. அமெரிக்காவில் தொடர்ச்சியான சராசரித் திறனையே அறிவிக்க வேண்டும் என 1974இலேயே கூட்டாட்சி வணிக ஆணையம் விதி வகுத்திருந்தமை ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வெண்களின் பொருந்தாமையை ஒலியளவுக் கணக்கு காட்டும். 1 வாட் திறனில் 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியைக் கொள்வோம். திறன் இருமடங்கானால் 3 டெசிபெல் மட்டுமே கூடும். 98 டெசிபெலுக்கு 10 வாட்டும், 108 டெசிபெலுக்கு 100 வாட்டும் தேவை. திறந்தவெளிக் கணக்கில் 3 மீட்டர் தொலைவில் ஒலி ஏறத்தாழ 9.5 டெசிபெல் குறையும். சுவர்களின் எதிரொலிப்பால் அறைக்குள் குறைவு இதனினும் சிறிது. ஆகவே சிறு கூடத்தில் 1 வாட்டே 78 டெசிபெலுக்குக் குறையாத ஒலியைத் தரும். எஞ்சிய திறன் இசையின் கணநேர உச்சங்களுக்கான இருப்பு. அவ்விருப்புக் குறைந்த கருவியை வரம்பு மீறி இயக்கினால் அலைமுகடுகள் வெட்டுப்பட்டு, உயர்சுரக் கூம்புகள் கருகவும் கூடும். மிகுதிறனால்தான் ஒலிபெருக்கி பழுதாகும் என்னும் பொதுநம்பிக்கை முழுமையானதன்று.

சுவருக்கு அப்பால்

பொருத்தம் வீட்டாரை மட்டும் தொட்டதன்று. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கம் தொடர்புடைய வழக்கில் 2000 ஆகஸ்டு 30இல் உச்சநீதிமன்றம், ஒலிபெருக்கி மூலம் பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட எச்சமயமும் விதிக்கவில்லை எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பிட்டன. 2005 சூலை 18ஆம் நாள் தீர்ப்பு இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரையிலான பொதுவெளித் தடையை உறுதிசெய்ததோடு, தனியாரின் ஒலியமைப்பு எல்லைச் சுவரருகே அவ்வரம்பைவிட 5 டெசிபெலுக்கு மேல் மிகக்கூடாது என்றும் கூறியது. வயல்வெளி ஊர்கள் அடுக்ககங்களாக மாறிவரும் பாரிவாக்கம் போன்ற இடங்களில், பொதுச்சுவருக்கு இருபுறமும் வாழ்வோருக்கு இவ்வெண்கள் நேரடிப் பொருளுடையவை. குறைந்த ஒலியிலும் தெளிவு குன்றாமல் ஒலிப்பது பொருத்தமான அமைப்பின் இயல்பு. தெளிவின்மையை உரப்பால் ஈடுசெய்வது பொருந்தா அமைப்பைக் கொண்டோரின் வழக்கம்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு. திறன்பெருக்கி – ஒலிபெருக்கிப் பொருத்தம் முதலில் தயாரிப்பாளரிடமும், பொதுவெளியில் செட்டுக்காரரிடமும், இறுதியில் நுகர்வோரிடமும் பொறுப்பாக அமைந்தது. வால்வுக் காலத்தில் சமப்படுத்துதலைக் குறித்த 'பொருத்தம்', டிரான்சிஸ்டர் காலத்தில் எல்லை காத்தலைக் குறித்தது. பொறுப்பு கைமாறிய அளவுக்கு அறிவு தமிழில் கைமாறவில்லை. அந்த வெற்றிடத்தில் பொருளற்ற வாட் எண்கள் இடம்பிடித்தன. இரு கருவிகளுக்கும் ஒரே பெயரை வழங்கும் பொதுவழக்கு இவ்வறிவுக் குறையின் அடையாளமாகவும் ஓரளவு காரணமாகவும் அமைகிறது. புறநகர்ச் செட்டுக்காரர்கள், ரிச்சி தெருக் கைவினைஞர்கள் ஆகியோரின் வாய்மொழி அறிவை அவர்கள் வாழுங்காலத்திலேயே தொகுப்பது, தமிழ்த் தொழில்நுட்ப வரலாற்றுக்கும் கலைச்சொல்லாக்கத்துக்கும் உடனடித் தேவையாகும்.