வீட்டுப் பட்டறையில் விளைந்த விமானம்

விமானம் என்றவுடன் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது புட்பகம். குபேரனிடமிருந்து இராவணன் கவர்ந்துகொண்ட அவ்வூர்தியைப் பற்றிக் கதாப்பிரசங்கங்களிற் கேட்டிராத பிள்ளை எம்மிடையே இல்லை. ஆயினும் அதனைச் செய்தவன் யார் என்று வினாவினாற் பலர் சற்றுத் தயங்குவர். தேவதச்சனாகிய விசுவகர்மாவே அதனைச் செய்தான் என்பது புராணச் செய்தி. சீவகசிந்தாமணியில் வரும் மயிற்பொறியும் ஒரு தொழில்வல்லவன் கையாற் பிறந்ததே. வலப்புறந் திருகினால் எழும்பும், இடப்புறந் திருகினால் இறங்கும் என்னும் அளவுக்கு அதன் செலுத்துமுறை இலகுவாயிருந்தமையால், கருவுற்றிருந்த அரசி விசயை அதனைத் தானே ஓட்டப் பழகிக்கொண்டாள்.

இவற்றைக் கொண்டு எம் முன்னோர் ஆகாயத்திற் பறந்தனர் என்று வாதாட நாம் வரவில்லை. அவ்வாறு வாதாடுவோர் தொகை வேண்டிய அளவுக்கு மேலாகவே பெருகிவிட்டது. நாம் இங்கு கவனிப்பது வேறொன்று. கற்பனை செய்த புலவனும், விமானம் ஒரு பட்டறையில், உளியுங் கையுமாக உள்ள ஒருவனாற் செய்யப்படும் பொருள் என்றே எண்ணினான். இருபதாம் நூற்றாண்டின் மெய்யான வரலாறும் அவ்வெண்ணத்துக்கு மாறுபட்டதன்று.

றைற் சகோதரர் அமெரிக்காவில் டேற்றன் நகரிற் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் என்பதையும், 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி பறந்த அவர்களுடைய விமானம் அந்தக் கடையின் பின்புறத்திலேயே உருவாயிற்று என்பதையும் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். ஆதலின் அதனை விரிக்கவில்லை. ஆனால் அச்சகோதரர் தாம் கண்டறிந்ததைக் காப்புரிமைப் பத்திரத்தாற் பூட்டிவைத்து, நீதிமன்றங்களிற் பல ஆண்டுகள் வழக்காடினர். இதற்கு நேர்மாறானவர் பாரிசு நகரில் வாழ்ந்த பிரேசில் தேசத்தவரான சந்தோஸ் துமோன். அவர் 1907இல் தொடங்கி 1909இல் திருத்தமுறச் செய்த சிறு விமானத்தின் உடல் மூங்கிலாலானது, சிறகு பட்டுத்துணியாலானது. சிறகின் அகலம் 20 அடிக்குங் குறைவு. 'டெமுவாசெல்' என்பது அதன் பெயர்; பிரெஞ்சு மொழியிற் கன்னிகைக்கும் ஊசித்தும்பிக்கும் அதுவே பெயராம். அவர் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. விரும்பியவர் எவரும் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1910இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை அதன் வரைபடங்களைப் பிரசுரித்தது. வீட்டில் விமானஞ் செய்யும் மரபுக்கு அங்கேதான் வித்தூன்றப்பட்டது எனலாம்.

அம்மரபின் மிகச் சுவையானதும் மிகத் துயரமானதுமான அத்தியாயத்துக்கு நாயகர் ஆன்றி மின்யே என்னும் பிரெஞ்சுக்காரர். 1893இற் பிறந்தவர், முதலாம் உலகப்போரில் வானொலித் தந்திப் பணி புரிந்தவர். விமானமோட்ட அவருக்குப் பேராசை. ஆனால் அக்காலத்து விமானத்திற் கையாற் கைப்பிடியையும் காலாற் சுக்கான் மிதிகளையும் ஒருங்கே இயக்கவேண்டும். அந்த ஒத்திசைவு அவருக்கு இலகுவில் வாய்க்கவில்லை. வேறொருவராயின் ஆசையைக் கைவிட்டிருப்பார். மின்யேயோ, பிழை தம்மிடத்தில் இல்லை, விமானத்திலேயே உள்ளது என்று முடிவுசெய்தார்! இந்தத் துணிவை நாம் வியக்கிறோம். இதே துணிவுதான் பின்னர் அவருக்கு இடர் விளைத்தது என்பதையும் சொல்லவேண்டும்.

1928இல் அவர் செய்த எட்டாவது விமானம் நன்கு பறந்தது. அதனைப் பற்றி எழுதியதைப் படித்துப் பிரெஞ்சு நாட்டிற் பலர் தாமும் செய்தனர். பின்பு மிதிகளே இல்லாத ஒரு விமானத்தை அவர் சிந்தித்தார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிறகுகள், முன்சிறகு ஓர் அச்சில் மேலுங் கீழும் அசையும், பின்சிறகு அசையாது. ஒரே கைப்பிடி. பின்னே இழுத்தால் முன்சிறகின் சாய்வு கூடி விமானம் எழும். பக்கவாட்டில் அசைத்தாற் சுக்கான் திரும்பும். விசயையின் மயிற்பொறிக்கு அடுத்தபடியாக இவ்வளவு சுருக்கமான செலுத்துமுறையை நாம் கேள்விப்படவில்லை. நீளம் 12 அடிக்குங் குறைவு. மோட்டார்ச் சைக்கிளுக்குரிய 17 குதிரை வலு யந்திரம். 1933 செப்டெம்பர் 10ஆந் திகதி, சுவாசோன் நகருக்கு அணித்தான வெளியில் அது பறந்தது.

அதற்கு அவர் இட்ட பெயர் 'வானத்துப் பேன்'. போர்ட் மோட்டார் வண்டி பிரான்சில் எங்கும் மலிந்து கிடந்தமையால் மக்கள் அதனைத் 'தெருப் பேன்' என்று பரிகசித்தனர். அதுபோல வானத்தையும் சாமானியரின் வாகனங்கள் நிறைக்கவேண்டும் என்பது மின்யேயின் அவா. ஆங்கிலேயர் பேன் என்று சொல்ல நாணிப்போலும், அதனைப் 'பறக்குந் தெள்ளு' ஆக்கிவிட்டனர்.

1934இல் மின்யே ஒரு நூல் வெளியிட்டார். பெட்டி அடிக்கத் தெரிந்தவனுக்கு விமானஞ் செய்யவும் இயலும் என்பதே அதன் சாரம். மரம் எவ்வாறு தெரிவது, பாலிலிருந்து எடுக்கப்படும் கேசீன் பசையை எவ்வாறு குழைப்பது, சிறகின் விலா எலும்புகளை ஒரே அச்சுப்பலகையில் வைத்து ஒன்றுபோல் ஒன்றாக எவ்வாறு வார்ப்பது, துணியைப் போர்த்தித் தைத்து மேலே மெழுக்குப் பூசி மேளத்தோல்போல் எவ்வாறு இறுக்குவது என்பனவெல்லாம், பக்கத்தில் நின்று ஆசான் சொல்வதுபோல் அதிலே கூறப்பட்டிருந்தன. 1935இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. முதற்பதிப்பின் 6,000 பிரதிகள் ஒரு மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. இளைஞர் மாத்திரமல்லர், தச்சர், கடைக்காரர், கராஜ் வைத்திருந்தோர் எல்லோரும் மரமறுக்கத் தொடங்கினர். அவ்வாண்டு ஓகஸ்டில் மின்யே தாமே தமது பேனில் ஏறி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இங்கிலாந்தில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்டவை பதிவாயின. அக்காலத்திற் செல்வர்க்கும் படைவீரர்க்குமே உரியதாயிருந்த வானம், கூலிக்கு உழைப்பவன் வாசலுக்கு வந்துவிட்டது போன்ற களிப்பு அது.

அக்களிப்பு ஓராண்டும் நீடிக்கவில்லை. 1935இலும் 1936இலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் விபத்துக்கள் அடுத்தடுத்து நேர்ந்தன. இறந்தவர்களில் அனுபவமிக்க விமானப்படை அதிகாரிகளும் இருந்தனர். எல்லா விபத்துக்களும் ஒரே மாதிரியானவை என்பதே மக்களைத் திகைக்கவைத்தது. விமானம் மூக்குக் கவிழ்ந்து இறங்கும், இறங்கியது நிமிராது, நிலத்தில் மோதும் வரை அப்படியே செல்லும். ஓட்டத் தெரியாமையால் விழுந்தனர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. தேர்ந்த விமானிகளே அவ்வாறு மாண்டனர்.

இங்கிலாந்தில் ஃபான்பறோவிலும் பிரான்சில் சலே-மெதோனிலும் இருந்த பெரிய காற்றுச் சுரங்கங்களில், முழு விமானத்தையே நிறுத்திச் சோதித்தார்கள். காரணம் வெளிப்பட்டது. முன்சிறகின் பின்விளிம்பு பின்சிறகின் முன்விளிம்புக்குச் சற்று மேலே நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய ஓர் இடுக்கு. விமானம் ஏறத்தாழ 15 பாகைக்கு மேற் கவிழ்ந்துவிட்டால், அவ்விடுக்கினூடு விரைந்த காற்றுப் பின்சிறகின் மேலாக ஓடி, அதன் தூக்குவிசையை மிகுவித்தது. வால் எழ, மூக்கு மேலும் தாழ்ந்தது. இனி விமானி என் செய்வான்? எல்லா விமானங்களிலுஞ் செய்வதுபோலக் கைப்பிடியைப் பின்னே இழுப்பான். இழுத்தால் முன்சிறகின் பின்விளிம்பு இன்னுந் தாழும். இடுக்கு இன்னும் ஒடுங்கும். வால் இன்னும் எழும். உயிரைக் காக்கும் என்று கைக்குப் பழகிய செயலே உயிரைக் கொள்ளைகொண்டது. இதனை எழுதும்போதே எமக்கு நெஞ்சு பதைக்கின்றது.

மின்யேயின் பேன் அவர் கையில் ஏன் விழவில்லை என்று கேட்கலாம். அவர் தம் விமானத்தின் இயல்பறிந்து மெல்லப் பறந்தவர். அது பாரங் குறைந்தது. பிறர் கனத்த யந்திரங்களைப் பூட்டினர். அளவுகளைத் தம் விருப்பப்படி மாற்றினர். எனினும் குற்றம் முழுவதையும் அவர்கள் தலையிற் சுமத்துவது நேர்மையாகாது. ஒரு தச்சன் செய்த நாற்காலியிற் பழுதிருந்தால் ஒருவன் விழுவான். அச்சிட்ட வரைபடத்திற் பழுதிருந்தாலோ, அதனைப் பார்த்துச் செய்த ஒவ்வொரு பட்டறையிலும் அதே பழுது பிறக்கும். காற்றுச் சுரங்கத்திற் செய்த சோதனை நூலுக்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டியது, பின் நிகழ்ந்தது. பிரித்தானிய விமான அமைச்சு 1936இல் அனுமதிப் பத்திரங்களை நிறுத்தியது. எத்தனையோ வீடுகளிற் பாதி முடிந்த சிறகுகள் விறகுக் கொட்டில்களுக்குச் சென்றன. மின்யே சிறகுகளின் அமைப்பைத் திருத்தினார். திருத்திய பேன்கள் நிமிர்ந்து பறந்தன. ஆனால் மக்களின் நம்பிக்கை திரும்பவில்லை. அவர் பல நாடுகளில் அலைந்து, புதிய வகைகளை வகுத்துக்கொண்டேயிருந்து, 1965இற் காலமானார்.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறு வகையான ஒருவர் இருந்தார். மினசோற்றா மாநிலத்துச் செரி குறோவ் என்னுஞ் சிற்றூரின் பேணாட் பீற்றன்போல். தானே கற்றுத் தேர்ந்த கம்மியர். மோட்டார் வண்டியின் யந்திரம் விமானத்துக்கு ஆகாது என்று ஒரு சஞ்சிகை ஆசிரியர் எழுதியதைக் கண்டு, மறுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிராமல், போர்ட் வண்டியின் யந்திரம் பூட்டிய தமது விமானங்கள் இரண்டினை 1930இல் அவ்வாசிரியரின் நகருக்கே பறந்து வரச்செய்து காட்டினார். விமானியின் கண்ணுக்கு நேரே தண்ணீர்த்தாங்கி நிமிர்ந்து நிற்கும் அவ்விமானத்திற் புதுமை ஒன்றுமில்லை. எல்லாம் அறிந்த பழைய அமைப்பு. அதனாலேயே அது கொல்லவில்லை. அதன் வரைபடங்களை அவ்வாசிரியரே 1932இற் பிரசுரித்தார் என்பது அவருக்கும் பெருமை.

அமெரிக்காவிலும் அரசாங்கம் வீட்டு விமானங்களை ஐயத்துடனேயே நோக்கியது. ஒறிகன் மாநிலத்து ஜோர்ஜ் போகாடசு என்பவர் 1947இல் வீட்டிற் செய்த சிறு விமானத்தில் ஏறி, கண்டத்தைக் குறுக்காகக் கடந்து, வாசிங்டனுக்குப் போய் அதிகாரிகளிடம் நியாயங் கேட்டார். அவ்விமானம் இப்போது தேசிய நூதனசாலையில் உள்ளது. தமக்கெனச் செய்வோருக்குச் சட்டம் இடங்கொடுத்தது; 1953இல் மில்வாக்கி நகரிற் போல் பொபரசினி என்பவர் அத்தகையோரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். விமானத்தின் பெரும்பகுதியைச் செய்வோன், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே செய்யவேண்டும் என்பது அங்குள்ள விதி. பின்னர் மரமும் துணியும் போய், நுரைப்பலகையும் கண்ணாடியிழையும் வந்தன. அவ்வழியில் முன்னோடியான பேட் றுற்றான் வகுத்து, ஒரு சிறு குழுவினர் தம் கையாற் செய்த 'வொயேஜர்' 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், எண்ணெய் நிரப்பாமல், 9 நாளில் உலகைச் சுற்றிவந்தது.

எமது நாட்டிலும் இம்மரபுக்கு ஒருவர் இருந்தார். 2010இற் காலமான பொறியியலாளர் றே விஜேவர்தன தாமே இலகு விமானங்களைச் செய்து தாமே ஓட்டியவர். எம்மவர் வயல்களில் 'லாண்ட்மாஸ்ரர்' என்று பெயர் விளங்கிய இருசக்கர உழவியந்திரத்தை வகுத்தவரும் அவரே என்பதைப் பலர் அறியார்.

இனி, 1936க்குப் பின் பட்டறைகளில் நிலைத்துவிட்ட ஒரு வழக்கத்தைக் கூறி அமைவோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கென அமைந்த சங்கங்களில், முன்னரே விமானஞ் செய்து பறந்தவர்கள் புதியவரின் பட்டறைக்கு வந்து பார்ப்பர். துணி போர்த்தபின் உள்ளிருக்கும் பழுது கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் அதற்கு முன்னரே அவர்கள் வரவேண்டும். வந்தவர் விளக்கைப் பிடித்து, ஒட்டுவாய் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்ப்பார். ஐயமான இடத்தைப் பிரிக்கச் சொல்வார். அதுவரைக்கும் சிறகு, மீன்முள்போல விலா எலும்புகள் தெரிய, பட்டறைச் சுவரிற் சாய்ந்தபடி நிற்கும்.