பழைய ஆட்டமும் புதிய பொறியும்

முன்னோர் தேடிவைத்த செல்வங்களை ஒரு சமுதாயம் இரண்டு வகையாகக் காக்கலாம். பேழையில் இட்டுப் பூட்டிவைப்பது ஒரு வகை. நாள்தோறும் எடுத்துப் பழகி, தேய்ந்த இடத்தைச் செப்பனிட்டு, காலத்துக்கேற்பப் புதுப்பித்து வருவது மற்றொரு வகை. கல்லில் வெட்டிய சாசனத்திற்கு முதல் வகை போதும். விளையாட்டிற்கு அது போதாது. ஆடுவோர் இல்லாத ஆட்டம் வெறும் பலகையும் காய்களுமேயாகும்.

நம் காலத்து இளைஞர்கள் இந்த உண்மையைக் கணிப்பொறியின் முன் அமர்ந்து மெய்ப்பித்து வருகிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த வீடியோ விளையாட்டுகளை, அவற்றின்மேல் கொண்ட பற்றினால், ஊதியம் கருதாமல், இன்றைய கருவிகளைக் கொண்டு மீண்டும் படைக்கிறார்கள். காட்சியைத் திரையில் தீட்டுவதும், ஒலியை எழுப்புவதும், ஒரு பொருள் மற்றொன்றின்மேல் மோதினால் என்ன நிகழும் என்று கணக்கிடுவதும் ஆகிய அடிப்படைப் பணிகளைச் செய்யும் மென்பொருளுக்கு ‘என்ஜின்’ என்று பெயர். கதையும் களமும் பழையவை. அவற்றைத் தாங்கும் என்ஜின் புதியது. இம்முயற்சி முறையானதா, பழமையைக் காப்பதா சிதைப்பதா, இதில் உரிமை யாருக்கு என்ற கேள்விகள் இன்று எழுந்துள்ளன. இவற்றுக்கு விடை காணப் பழைய கல்கத்தாவின் வரலாறு ஒன்று நமக்கு உதவும்.

இந்தியாவிற்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறி கல்கத்தாவை அடுத்த பராநகரில், பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில், 1950-களின் நடுவில் அமைந்தது. ஆயினும் நாம் காணவிருக்கும் வரலாறு அதற்கும் நூறாண்டு முந்தியது. அது சதுரங்கத்தின் வரலாறு.

சதுரங்கம் இந்திய நாட்டில் தோன்றி, பாரசீகம் சென்று, அரபு நாடுகளின் வழியாக ஐரோப்பாவை அடைந்தது என்பது அறிஞர் பெரும்பாலார் ஒப்பும் செய்தி. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அது பெரிய மாற்றம் அடைந்தது. ஓரடி மட்டுமே நகர்ந்துவந்த மந்திரி, எட்டுத் திக்கிலும் எத்தனை கட்டமும் பாயும் அரசியாயிற்று. காலாள் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லலாம் என்றும், அரசனும் யானையும் இடம் மாறிக் கோட்டை கட்டிக்கொள்ளலாம் என்றும் விதிகள் நிலைபெற்றன. ஆங்கிலேயர் இந்தியாவிற்கு வந்தபோது இந்தப் புதிய ஆட்டத்தையும் உடன் கொணர்ந்தார்கள்.

இங்கே வழங்கிய முறை வேறு. காலாள் ஒவ்வொரு கட்டமாகவே நகரும். கோட்டை கட்டும் வழக்கம் இல்லை. அதற்கு ஈடாகப் பல பகுதிகளில் அரசன் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலப் பாயலாம். கடைசிக் கட்டத்தை அடைந்த காலாள், அந்த வரிசைக்கு உரிய காயாகவே உயர்வு பெறும். ஆகவே ஒரே பலகையில், ஒரே எண்ணிக்கையான காய்களோடு, இரண்டு வேறு ஆட்டங்கள் இந்நாட்டில் ஒரே காலத்தில் வழங்கின.

இவ்விரண்டிற்கும் பாலம் அமைக்க முதலில் முயன்றவர்களுள் தென்னாட்டுப் பெயர் தாங்கிய ஒருவரும் இருக்கிறார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. அவர் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி. வடமொழியில் அமைந்திருந்த சதுரங்கச் சிக்கல்களை ஐரோப்பிய முறைக்கு இசைய மாற்றி, ஆங்கிலத்தில் பெயர்த்து, 1814-ஆம் ஆண்டில் பம்பாயில் நூலாக வெளியிட்டார். பழைய புதிர்களின் உயிர்நாடி கெடாமல் அவற்றைப் புதிய விதிகளின்மேல் ஏற்றி அமைத்தார் அவர். இன்றைய இளைஞர் புதிய என்ஜின்மேல் பழைய ஆட்டத்தை ஏற்றுவதும் இதே வகையான வேலைதான்.

அவர் ஏட்டில் செய்ததைக் கல்கத்தாவில் ஒருவர் பலகையின்மேலேயே செய்துகாட்டினார். அந்நகரில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு வழக்கறிஞர் பல ஆண்டுகள் தொழில் நடத்திவந்தார். 1798-இல் பிறந்த அவர் சதுரங்கத்தில் பெருந்திறல் படைத்தவர். விடுப்பில் தாயகம் சென்றிருந்த காலத்தில் அன்றைய ஆங்கில நாட்டு முதல்வரான ஸ்டாண்டனோடு பல நூறு ஆட்டங்கள் ஆடியவர். கல்கத்தாவில் அவருக்கு நிகராக ஆடவல்லார் எளிதில் கிடைக்கவில்லை. 1848-ஆம் ஆண்டில் நாட்டுப்புறத்திலிருந்து ஓர் அந்தணர் அவர் முன் கொண்டுவரப்பட்டார். தம் வட்டாரத்தில் தோல்வியே அறியாதவர் என்று பெயர் பெற்றிருந்த அவர்தாம் மகேஷ் சந்திர பானர்ஜி. அன்று தொடங்கிப் பல ஆண்டுகள் அவ்விருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஆடினர். காக்ரேன் அவற்றைக் குறித்துவைத்தார். பல ஆட்டங்கள் ஆங்கில நாட்டு ஏடுகளில் அச்சேறின.

பானர்ஜி ஐரோப்பிய விதிகளை ஏற்றுக்கொண்டார்; ஆனால் தாம் வளர்ந்த ஆட்டத்தின் இயல்பை விட்டுவிடவில்லை. காலாள் ஒரு கட்டமே நகரும் முறையில் பழகிய கை, அவசரப்பட்டுப் பலகையின் நடுவை நிரப்பாது. குதிரைக்கு முன் நிற்கும் காலாளை ஒரு கட்டம் மெல்ல முன்தள்ளி, அது விட்டுச்சென்ற இடத்தில், மேலைநாட்டார் பிஷப் என அழைக்கும் காயை நிறுத்தும். அங்கிருந்து அந்தக் காய் மூலைவாட்டில் பலகை முழுவதையும் நோக்கிக் காத்திருக்கும். எதிரி நடுப்பகுதியைக் கைப்பற்றிக்கொள்ளட்டும். பிறகு அதைத் தகர்க்கலாம் என்பதே இதன் உட்கருத்து. காலாள்களை வேகமாகச் செலுத்தித் தாக்குவதே வீரம் என்று கருதிய அக்கால ஐரோப்பியருக்கு இது விந்தையாகத் தோன்றியது.

1855-ஆம் ஆண்டில் இருவரும் ஆடிய ஓர் ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. காக்ரேன் அரசிப் பக்கத்துக் காலாள்களால் நடுவைப் பிடித்தார். பானர்ஜி குதிரையை வெளியே எடுத்து, அரசன் பக்கத்தில் ஒரு காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, நடுவில் தம் காலாளை எதிர்நிறுத்தினார். பின் அதை மாற்றிக்கொண்டு, காக்ரேனின் நடுப்படையைத் தொலைவிலிருந்து குறிவைத்தார். அந்த ஆட்டத்தில் அழகிய தாக்குதல் ஒன்றினால் வென்றவர் காக்ரேனே. ஆயினும் தோற்றவருடைய தொடக்கமே நிலைத்துநின்றது. 1922-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் என்பவர் இதே அமைப்பைக் கையாண்டு, பின்னாளில் உலக சாம்பியனான அலெகினை வென்றார். அன்று முதல் உலகம் அதற்குக் ‘க்ரூன்ஃபெல்ட் தற்காப்பு’ என்று பெயரிட்டு வழங்குகிறது. இவ்வினத்தைச் சேர்ந்த தொடக்கங்கள் அனைத்திற்கும் ‘இந்தியத் தற்காப்பு’ என்னும் பொதுப்பெயர் உண்டு. 1884-ஆம் ஆண்டிலேயே அச்சில் காணப்படும் அப்பெயர் பானர்ஜியின் ஆட்டத்தை ஒட்டி எழுந்தது. நாட்டின் பெயர் நின்றது; ஆளின் பெயர் மங்கிற்று. ஆங்கில ஏடுகள் அவர் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதின. சில இடங்களில் ‘அந்தணர்’ என்றே குறித்துச் சென்றன.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். பானர்ஜி தம் ஊர் ஆட்டத்தையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், அவருடைய கலை அவரோடு மறைந்திருக்கும். தம் மரபை உதறிவிட்டு ஐரோப்பியரைப் போலவே ஆடியிருந்தால், அவரை நினைக்கக் காரணமே இராது. புதிய விதிகளுக்குள் பழைய அறிவை நுழைத்தமையால் அவருடைய கலை பிழைத்தது. இந்திய முறையில் பயின்று, பின் ஐரோப்பிய முறையைக் கற்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியனாக விளங்கிய மீர் சுல்தான் கானும் இவ்வழியில் வந்தவரே. அவருக்கு உலகச் சதுரங்கச் சம்மேளனம் மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024-ஆம் ஆண்டில்தான். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்திருந்தது. காலம் தாழ்ந்தேனும் கடன் தீர்க்கப்பட்டது என்று ஆறுதல் கொள்ளலாம்.

சதுரங்கத்தை இவ்வாறு மாற்றியமைக்க எவரிடமும் அனுமதி பெற வேண்டியிருக்கவில்லை. அதற்கு உடைமையாளர் எவரும் இல்லை. ஆட்டங்களுக்கு உடைமையாளர் தோன்றியது பிற்கால வழக்கம். நம் நாட்டுப் பச்சீசி என்னும் தாய ஆட்டத்தைச் சுருக்கி எளிதாக்கி, 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லூடோ என்ற பெயரில் காப்புரிமை பெற்றார்கள். பல தலைமுறை மக்கள் ஆடிவந்த ஆட்டம், தனியொருவர் பெயரில் பதிவாயிற்று.

வீடியோ விளையாட்டோ பிறக்கும்போதே ஒரு நிறுவனத்தின் உடைமையாகப் பிறக்கிறது. ஆகவே அதைப் புதுப்பிக்க முனையும் ஆர்வலரின் நிலை பானர்ஜியின் நிலையினும் கடினமானது. இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறலாம். 1998-இல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ‘ஹாஃப்-லைஃப்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் ரசிகர்கள் குழுவாகக் கூடி, அந்நிறுவனத்தின் புதிய என்ஜினில் அதை முற்றிலும் திரும்பப் படைத்து, ‘பிளாக் மீசா’ என்ற பெயரில் 2012-இல் இலவசமாக வழங்கினார்கள். வால்வ் தடை செய்யவில்லை, விற்பதற்கும் இசைந்தது. 2020-இல் அப்படைப்பு முழுமை பெற்றது. மற்றொன்று, நிண்டெண்டோ நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ‘மெட்ராய்ட்’ வரிசையின் இரண்டாம் விளையாட்டு. அர்ஜென்டினாவைச் சேர்ந்த மில்ட்டன் குவாஸ்தி என்பவர் பல ஆண்டுகள் உழைத்து அதைப் புதுப்பித்து, 2016 ஆகஸ்டில் விலையின்றி வெளியிட்டார். சில நாட்களுக்குள் உரிமையாளரின் அறிவிப்பினால் அது விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் நிறுவனமே தன் புதுப்பிப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது.

உரிமையாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பொருள் செலவிட்டுப் படைத்தவன் பயனை அடையாவிட்டால் புதிய படைப்பு தோன்றாது. ஆனால் காலத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரல்களை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்து எண்ணுகிறது. இலக்கியப் படைப்புக்கான பாதுகாப்பு ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை நீடிக்கும். நூல் ஒன்று அத்தனை காலம் அலமாரியில் கிடந்தாலும் பின்னர் எடுத்துப் படிக்கலாம். விளையாட்டை இயக்கும் பொறியோ இருபது ஆண்டுகளில் பழுதாகிவிடுகிறது. நிரலைத் தாங்கும் காந்தத் தட்டு அதற்கும் முன்பே அழியக்கூடும். அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டிற்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறிற்று. உரிமை முடியும் நாளில் உடைமையே இராது என்றால், அந்த உரிமையால் யாருக்கு என்ன பயன்?

கல்கத்தா இத்தகைய வழக்கொன்றை இசைத்துறையில் கண்ட நகரம். இரவீந்திரநாத தாகூர் 1941-இல் மறைந்தார். அவருடைய பாடல்களின் உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. அதன் இசைக்குழு ஒப்புதல் அளித்த பின்னரே இசைத்தட்டு வெளிவர இயலும். வாத்தியங்களின் சேர்க்கையும் பாடும் முறையும் மரபை மீறுகின்றன என்று கூறி, புகழ்பெற்ற பாடகர் தேவவிரத விசுவாஸ் அவர்களின் பதிவுகள் சிலவற்றை அக்குழு மறுத்தது. அவர் மனம் நொந்து தாகூர் பாடல்களை இசைத்தட்டில் பதிவதையே நிறுத்திக்கொண்டார். 1991-இல் முடியவேண்டிய உரிமை, சட்டத் திருத்தத்தினால் மேலும் பத்து ஆண்டுகள் நீண்டு, 2001-இன் இறுதியில் முடிந்தது. அதன்பின் புதிய வாத்தியங்களோடு எத்தனையோ பதிவுகள் வந்தன. அவற்றுள் நல்லனவும் உண்டு, அல்லனவும் உண்டு. மூலத்திற்கு எந்த ஊறும் நேரவில்லை. விசுவாஸின் பழைய பதிவுகளை வங்காள மக்கள் இன்றும் விரும்பிக் கேட்கிறார்கள். தமிழகமோ இதில் முந்திக்கொண்டது. பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-இல் ஏற்றது. பின்னர் அவை மக்களின் பொதுவுடைமையாயின. அதனால் பாரதியின் பாட்டு எந்த மெட்டிலும் எந்த மேடையிலும் தடையின்றி ஒலிக்கிறது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவுகள் இரண்டு. உரிமையாளர் தாம் விற்காமலும் பேணாமலும் கைவிட்ட படைப்பை, ஊதியம் கருதாத ஆர்வலர் புதுப்பிக்க இடமளிக்க வேண்டும். தம் பழஞ்சரக்கைத் தாமே திரும்பக் கொணர விரும்பினால், அந்த ஆர்வலரையே பணிக்கு அழைத்துக்கொள்ளலாம். சேகா நிறுவனம் ‘சோனிக்’ விளையாட்டின் ரசிகர்களைக் கொண்டே 2017-இல் புதிய படைப்பை உருவாக்கிப் புகழ் பெற்றது இதற்குச் சான்று. புதுப்பிக்கும் இளைஞருக்கும் கடமை உண்டு. முதலில் படைத்தவர் பெயரை மறைக்கலாகாது. எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று எழுதிவைக்க வேண்டும். காக்ரேன் ஆட்டங்களை நகர்வு நகர்வாகக் குறித்துவைத்திராவிட்டால் பானர்ஜியின் திறம் நமக்கு எட்டியிராது.

கல்கத்தாவின் கரியாஹாட் மேம்பாலத்தின் அடியில் இன்றும் மாலைதோறும் சதுரங்கப் பலகைகள் விரிகின்றன. முதியவரும் மாணவரும் சரிசமமாக அமர்ந்து ஆடுகிறார்கள். இந்நகரம் 1991-ஆம் ஆண்டில் திவ்யேந்து பரூவாவை இந்தியாவின் இரண்டாம் கிராண்ட்மாஸ்டராக அளித்தது. சென்னை 1988-இல் முதல்வரை அளித்தது. 2024-இல் உலக சாம்பியன் பட்டம் வென்ற குகேஷும் சென்னையின் பிள்ளையே. இவர்கள் அனைவரும் ஆடுவது, இங்கிருந்து சென்று உருமாறித் திரும்பிவந்த ஆட்டம். அதை அந்நியம் என்று தள்ளாமலும், தன் பழக்கத்தைத் தாழ்வென்று விடாமலும் ஏற்றுக்கொண்ட நாட்டுப்புறத்து மனிதர் ஒருவரின் பெயரை, ‘இந்தியத் தற்காப்பு’ என்ற சொல்லைக் கேட்கும்தோறும் நாம் சேர்த்துச் சொல்லுதல் தகும்: மகேஷ் சந்திர பானர்ஜி.