கிங்ஸ்டன் ஹோட்டல் வாசலிலிருந்து: கஃப் விட்லமும் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சியும், 1963–1972

1963-ஆம் வருஷம் மார்ச் மாதத்து இரவொன்றில், கான்பெர்ரா நகரத்துக் கிங்ஸ்டன் ஹோட்டலுக்கு வெளியே, தெருவிளக்கின் கீழ் இருவர் காத்து நின்றார்கள். ஒருவர் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சியின் பாராளுமன்றத் தலைவர் ஆர்தர் கால்வெல். மற்றவர் அவருடைய துணைத் தலைவர் கஃப் விட்லம். உள்ளே, ஆறு மாநிலங்களிலிருந்தும் மாநிலத்துக்கு ஆறு பேராக வந்திருந்த 36 பிரதிநிதிகள், மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் அமெரிக்கக் கடற்படை ஒரு செய்தித்தொடர்பு நிலையம் அமைத்துக்கொள்வதற்குக் கட்சி சம்மதிக்கலாமா கூடாதா என்று தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மகாநாட்டில் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஆசனமில்லை. நாளை நாட்டையே ஆளத் தகுந்தவர்கள் என்று ஜனங்கள்முன் நிற்கவேண்டியவர்கள், தங்கள் கட்சியின் முடிவு இன்னதென்று அறிய வாசலில் நின்றார்கள். அந்தக் காட்சி புகைப்படமாகிப் பத்திரிகையில் வந்தது. பிரதமர் மென்சீஸ், 'முகமற்ற 36 மனிதர்கள்' ஆட்டுவிக்கும் கட்சி என்று அந்த வருஷக் கடைசியில் நடந்த தேர்தலில் ஊரூராகச் சொல்லி ஜயித்தார். (அந்த 36 பேரில் ஒருவர் பெண்மணி என்பதைப் பிரசாரம் பொருட்படுத்தவில்லை.)

தோற்ற கட்சியொன்று வாக்காளரை மீட்டெடுத்த சரித்திரத்தை எழுதுகிறவர்கள், பெரும்பாலும் வெற்றி கண்ட தேர்தலின் கோஷத்திலிருந்தும் பாட்டிலிருந்துமே அதை ஆரம்பிக்கிறார்கள். விட்லம் விஷயத்திலும் அப்படியே 1972-ஆம் வருஷத்துக் கோஷத்துக்கு அளவுக்கு மீறிய பெருமை கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், கட்சியின் விதிப்புத்தகத்தில் நடந்த திருத்தமும், நகரத்தின் ஓரத்து வீதிகளில் போடப்படாத பாதாளச் சாக்கடையும், எந்தக் கோஷத்தையும்விட அதிகமான காரியத்தைச் செய்திருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

தொழிற்கட்சி 1949 டிசம்பரில் பதவியிழந்தது. 1955-இல் அது பிளந்தது. தொழிற்சங்கங்களில் கம்யூனிஸ்டுகளை எதிர்க்கவென்று பி. ஏ. சாண்டமரியா என்ற கத்தோலிக்கர் கட்டிய இரகசிய இயக்கத்தைத் தலைவர் எவாட் பகிரங்கமாகக் கண்டித்ததன் விளைவாக, கத்தோலிக்கர் பலர் வெளியேறி ஜனநாயகத் தொழிற்கட்சி என்று தனியே ஸ்தாபித்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் வாக்காளர் எல்லா அபேட்சகர்களுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசையில் எண்ணிட்டு வாக்களிக்கிறார். ஒரு சீட்டில் முதல் எண் பெற்றவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டால் அந்தச் சீட்டு இரண்டாவது எண் பெற்றவருக்குப் போய்ச் சேரும். பிரிந்துபோன கட்சி தன் இரண்டாவது விருப்பத்தைத் தவறாமல் மென்சீஸின் லிபரல் கட்சிக்குத் திருப்பிவிட்டது. ஆகவே தொழிற்கட்சிக்கு இழப்பு இருமடங்காயிற்று: சொந்த வீட்டிலிருந்து போன வாக்கு, எதிரி வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. 1966 நவம்பரில், வியட்நாம் யுத்தத்துக்குக் கட்டாய ராணுவ சேவையில் இளைஞர்களை அனுப்புவதைக் கால்வெல் ஆவேசத்தோடு எதிர்த்து நின்றபோது, 124 இடங்களில் 41 மாத்திரமே அவர் கட்சிக்குக் கிடைத்தன.

1967 பிப்ரவரி 8-ஆம் தேதி விட்லம் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொழிற்சங்கத்தில் வளர்ந்தவரல்லர்; மத்திய அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரியொருவரின் புதல்வர்; உலக யுத்தத்தில் விமானப்படையில் நேவிகேட்டராகப் பணிபுரிந்தவர்; வக்கீல். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற சுயமதிப்பும் உள்ளவர். 1944-இல் மத்திய அரசுக்குக் கூடுதல் அதிகாரம் கேட்டு நடந்த சர்வஜன வாக்கெடுப்புக்காகத் தம் படைப்பிரிவினரிடையே வாதாடி, அது தோற்றதைக் கண்டவர். அந்தத் தோல்வியிலிருந்து அவருடைய சிந்தனை முழுவதும் அரசியல் சட்டத்தைச் சுற்றியே வளர்ந்தது. கட்சியின் பழைய தலைமுறைக்கு ஒரு துக்கம் உண்டு: சிஃப்லியின் தொழிற்கட்சி சர்க்கார் பாங்குகளைத் தேசியமயமாக்க முயன்றதை 1948-இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது முதல், இந்தச் சட்டத்தின்கீழ்த் தங்கள் கொள்கை ஒன்றும் நடவாது என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். நடவாத கொள்கையைப் பற்றிப் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு, அதை நடத்திக் காட்டவேண்டியதில்லை. விட்லம் இதை ஏற்கவில்லை. 1957-இலும் 1961-இலும் அவர் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவுகளில், பாராளுமன்றம் தனக்குத் தகுந்தவையாகத் தோன்றும் நிபந்தனைகளோடு எந்த மாநிலத்துக்கும் பண உதவி செய்யலாம் என்று கூறும் 96-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, பள்ளிக்கூடமானாலும் ஆஸ்பத்திரியானாலும் நகர அமைப்பானாலும் அந்தக் கதவு வழியே மத்திய அரசு உள்ளே போகலாம் என்று வாதித்தார். அக்காலத்தில் அதை ஒரு வக்கீலின் சாதுரியமென்றே பலர் நினைத்திருக்கக்கூடும்.

ஆனால் கதவைத் திறக்க யாருக்கு ஆசை? 1967 ஜூன் மாதம் மெல்போர்னில் கூடிய விக்டோரியா மாநிலக் கட்சி மகாநாட்டில், தம்மை விரும்பாத சபையின் முன் விட்லம் நின்று, தோற்பதையே கொள்கைப் பிடிப்புக்கு அடையாளமாகக் கொள்வதைப் பரிகசித்து, சக்தியற்றவர்களே அப்படித் தூயவர்களாக இருக்கமுடியும் என்ற கருத்தில் பேசினார். தலைமையேற்று நான்கு மாதத்தில், எதிரியைத் தாக்குவதற்குப் பதிலாகச் சொந்தக் கட்சியின் மிகக் கடினமான கிளையைத் தாக்கினார் என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த மாதம் கோரியோ இடைத்தேர்தலில் லிபரல் கட்சியிடமிருந்து ஒரு தொகுதி கைக்கு வந்தது. அந்த உற்சாகத்தோடு ஆகஸ்டில் அடிலெய்டில் கூடிய தேசிய மகாநாடு, பாராளுமன்றத் தலைவர்களுக்கு மகாநாட்டிலும் நிர்வாகக் குழுவிலும் ஆசனம் கொடுத்தது. கட்சிச் செயலாளர் சிரில் விண்டம் சில ஆண்டுகளுக்கு முன்பே வரைந்திருந்த சீர்திருத்தத் திட்டத்தில் ஒரு பகுதிதான் நிறைவேறியது என்றாலும், கிங்ஸ்டன் ஹோட்டல் வாசலில் இனி எவரும் காத்து நிற்கவேண்டியதில்லை.

இவ்விடத்தில் அவருடைய குணதோஷத்தையும் சொல்லாமல் விட்டால் ஆராய்ச்சி துதிபாடலாகிவிடும். துணைத் தலைவராயிருந்த காலத்திலேயே, 12 பேர் கொண்ட தேசிய நிர்வாகக் குழுவை 'மதியற்ற பன்னிருவர்' என்று வர்ணித்து, கட்சியிலிருந்து நீக்கப்படும் தறுவாய்க்குப் போனவர் அவர். குவீன்ஸ்லாந்தில் டாசன் இடைத்தேர்தலில் அவர் உழைத்துக் கொடுத்த வெற்றியே அவரைக் காத்தது. 1968 ஏப்ரலில், டாஸ்மானியாவைச் சேர்ந்த ஹாரடின் என்ற உறுப்பினருக்கு நிர்வாகக் குழு ஆசனம் மறுத்ததைக் காரணமாக வைத்துத் தலைமையை ராஜிநாமா செய்து, மறுபடியும் போட்டியிட்டார். எதிர்த்து நின்ற ஜிம் கேர்ன்ஸ், இது நம்முடைய கட்சியா அவருடைய கட்சியா என்று கேட்டார். 38-க்கு 32 என்ற கணக்கில் விட்லம் பிழைத்தார். நான்கு பேர் மனம் மாறியிருந்தால் இக்கட்டுரைக்கு விஷயமே இராது.

இனி நகரத்தின் ஓரத்துக்கு வருவோம். விட்லம் 1952 முதல் பிரதிநிதியாயிருந்த வெரிவா தொகுதி சிட்னியின் தென்மேற்கு விளிம்பில் உள்ளது. 1957 முதல் அவர் குடும்பம் அங்கே காப்ரமட்டாவில் குடியிருந்தது. யுத்தத்துக்குப்பின் கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டிய இளம் குடும்பங்கள் இத்தகைய புறநகர்களில் வந்து நிறைந்தன. வீடு புதிது, வேலி புதிது, உள்ளே குளிர்சாதனப் பெட்டி உண்டு. பாதாளச் சாக்கடை மாத்திரம் இல்லை. கொல்லையில் ஒரு சிறு கொட்டகை. அதில் ஒரு வாளி. வாரத்துக்கொருமுறை லாரியில் ஆள் வந்து அதை எடுத்துப் போவான். எடுப்புக் கக்கூஸ் என்று நம் ஊர்களில் சொல்வோமே, அதே ஏற்பாடுதான். மலத்தொட்டி கட்டியவர்களுக்கோ, களிமண் பூமியில் மழைக்காலத்தில் கழிவுநீர் வடியாமல் புல்தரையில் தேங்கி நிற்கும். குழாய் போடுவது மாநிலத்தின் காரியம், மாநிலத்திடம் பணமில்லை, பணமிருக்கும் மத்திய அரசு, சாக்கடை தன் விஷயமன்று என்றது. விட்லம் மந்திரிகளுக்கு எழுத்துமூலக் கேள்விகளை ஓயாமல் அனுப்பி, எங்கே என்ன குறை, எவ்வளவு செலவு என்ற விவரங்களை அரசாங்கத்தின் வாயாலேயே வரவழைத்தார். பெரிய தத்துவங்களைப் பேசிய கட்சிக்கு, புழக்கடையைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் பழைய தொழிற்சாலைப் பேட்டைகளிலிருந்து தொழிலாளியின் பிள்ளைகள் குடிபெயர்ந்து போனது இந்த வீதிகளுக்குத்தான். அவர்களுடைய வாக்கும் அவர்களோடு குடிபெயர்ந்திருந்தது.

விசித்திரமான விஷயம், கட்சியின் மற்றொரு பெரிய ரணமும் கழிப்பறையிலிருந்தே வெளிப்பட்டது. 1962 ஜூலையில், நியூ சவுத் வேல்ஸில் உள்ள கோல்பர்ன் என்ற ஊரில், ஒரு கத்தோலிக்கப் பள்ளி கூடுதல் கழிப்பறைகள் கட்டவேண்டுமென்று அதிகாரிகள் உத்தரவிட, அதற்குப் பணமில்லாத நிர்வாகம் ஊரிலுள்ள கத்தோலிக்கப் பள்ளிகளை எல்லாம் மூடிவிட்டுச் சுமார் 2,000 குழந்தைகளை அரசாங்கப் பள்ளிகளின் வாசலுக்கு அனுப்பியது. இடம் போதவில்லை. திருச்சபைப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் கூடாதென்பது தொழிற்கட்சியின் பழைய விரதம். மென்சீஸ் மறு வருஷமே எல்லாப் பள்ளிகளுக்கும் விஞ்ஞானக் கூடம் கட்டித் தருவதாக வாக்களித்து, கத்தோலிக்க வாக்கைத் தம் பக்கம் ஈர்த்தார். விட்லம் கண்ட தீர்வு, மதத்தைக் கேளாமல் தேவையைக் கேட்பது: பள்ளி எவருடையதாயினும், அதன் குறையை ஒரு கமிஷன் அளந்து, குறைக்குத் தக்கபடி பணம் கொடுப்பது. 1969-க்குள் கட்சி இதை ஏற்றது. அதே காலத்தில், ஸ்காட்டன், டீபிள் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் வகுத்த பொது மருத்துவ இன்ஷூரன்ஸ் திட்டமும் கொள்கையில் இடம்பெற்றது.

1969 அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி 18 இடங்களைக் கூடுதலாகப் பெற்று 59-ஐ எட்டியது. பிரதமர் ஹோல்ட் 1967 டிசம்பரில் கடலில் நீந்தப்போய் மறைந்ததும், பின்வந்த கார்ட்டனின் செல்வாக்குத் தேய்ந்ததும், வியட்நாம் யுத்தத்தில் ஜனங்களுக்குச் சலிப்பு உண்டானதும் இதற்கு உதவின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் விக்டோரியா மாநிலம் வழிமறித்தது. 1970-இல் அந்த மாநிலத் தேர்தலின்போது, பள்ளி உதவி பற்றிக் கட்சியின் மாநிலத் தலைவர் சொன்னதையே மாநில நிர்வாகம் மறுத்து அறிக்கை விட, பொறுமை தீர்ந்த தேசிய நிர்வாகக் குழு, செப்டம்பரில் அந்த நிர்வாகத்தைக் கலைத்தது. அதற்குத் துணை நின்றவர் தெற்கு ஆஸ்திரேலிய இடதுசாரி கிளைட் கேமரன் என்பதை நோக்க, இது கொள்கைச் சண்டை என்பதைவிட, ஜயிக்க விரும்பியவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் நடந்த சண்டை என்றே சொல்லவேண்டும்.

வெளிநாட்டு விவகாரத்திலும் விட்லமுக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தது. 1971 ஜூலை 5-ஆம் தேதி அவர் பீக்கிங்கில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். கார்ட்டனுக்குப்பின் பிரதமராயிருந்த மக்மஹன் 12-ஆம் தேதி அதைக் கேலி செய்தார். 15-ஆம் தேதி, தாமும் சீனா போவதாக அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் அறிவித்தார். கேலி செய்தவர் முகம் என்னவாயிருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

1972 நவம்பர் 13-ஆம் தேதி, சிட்னியின் மேற்குப் புறநகரான பிளாக்டவுனில் விட்லம் பிரசாரத்தைத் தொடங்கினார். சட்டைகளில் 'இட்ஸ் டைம்' என்று அச்சிட்டு, பாடகர்களையும் நடிகர்களையும் கூட்டிப் பாட்டுப் பாடி, காலம் கனிந்துவிட்டதென்று சொன்ன அந்தப் பிரசாரத்தை இன்றும் விளம்பரத் தொழிலுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி 125 இடங்களில் 67 கிடைத்தன. 23 வருஷத்துக்குப்பின் ஆட்சி மாறியது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: பாட்டில்லாத 1969-இல் கூடியவை 18 இடங்கள்; பாட்டோடு கூடிய 1972-இல் 8. இருதரப்பாகப் பிரித்து எண்ணினால், முன்னதில் ஏறக்குறைய 7 சதவிகிதம் வாக்கு இடம் பெயர்ந்தது, பின்னதில் 2.5 சதவிகிதம். போனவர்களில் பெரும்பாலோர், விட்லம் தோற்ற 1969-ஆம் வருஷத் தேர்தலிலேயே திரும்பி வந்துவிட்டார்கள்.

1975 நவம்பர் 11-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் அவரைப் பதவியிலிருந்து நீக்கியதும், அடுத்த மாதத் தேர்தலில் அவர் படுதோல்வியடைந்ததும் வேறொரு கட்டுரைக்குரியவை. நகரங்களின் பாதாளச் சாக்கடைக்கான மத்திய அரசின் பணம் 1973-இல் மாநிலங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின் பேரில் போகத் தொடங்கியது. அது போன வழி 96-ஆம் பிரிவு.