துன்னம் காத்த பெயர்கள்

துன்னம் என்பது தையலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரைக் கூறுமிடத்துத் துன்னகாரரையும் சேர்த்தே கூறுகின்றது. பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் உடுத்திருந்தது, வேற்று நூலால் பலவிடத்தும் துன்னப்பெற்ற கந்தல். கரிகாலன் அதனை நீக்கி நல்லாடை உடுப்பித்தான். அங்கே ஒட்டுத்துணி வறுமையின் அடையாளம்.

ஒட்டுத்துணி வறுமையின் அடையாளமாக மட்டும் நில்லாமல், மன உறுதியின் சான்றாகவும் உயர்ந்த வரலாறு ஒன்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிகழ்ந்தது. தையல் என்னும் சொல் தமிழில் பெண்ணையும் குறிக்கும். ஊசி வேலையையும் குறிக்கும். அவ்விரு பொருளும் ஒன்றுகூடிய அவ்வரலாற்றின் முற்பகுதி ஜொகூர் மாநிலத்துத் தம்போயில் தொடங்குகின்றது. பிற்பகுதி சிங்கப்பூரின் சாங்கியில் நடைபெறுகின்றது.

தம்போய் மருத்துவமனை

ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் மனநோயாளருக்கான மருத்துவமனை 1937ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பெர்மாய் மருத்துவமனை என்று இன்று வழங்குவது அதுவே. 1941 நவம்பரில் ஆஸ்திரேலியப் படையின் பதின்மூன்றாம் பொது மருத்துவமனை, சிங்கப்பூரின் காத்தோங் பகுதியிலிருந்து தம்போய்க் கட்டடங்களுக்கு இடம் பெயர்ந்தது. அடுத்த மாதம் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. ஆறு வாரத்திற்குள் போர் ஜொகூர் எல்லையை எட்டிவிட்டது. 1942 ஜனவரி நடுவில் கெமாஸ், மூவார் ஆகிய இடங்களில் கடும்போர் நிகழ்ந்தது. புண்பட்ட வீரர் பலர் தம்போய்க்குக் கொண்டுவரப்பட்டனர்.

அங்கும் நெடுநாள் தங்க இயலவில்லை. ஜனவரி இறுதிக்குள் மருத்துவமனை மீண்டும் காத்தோங்குக்கே திரும்பியது. ஜனவரி 31ஆம் நாள் ஜொகூர் நீரிணையின் குறுக்கே இருந்த பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கு மூன்று நாள் முன்னர், ஆஸ்திரேலியச் செவிலியர் 65 பேர் வைனர் புரூக் என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர். தம்போயில் பணி செய்தவர் சிலரும் அவருள் இருந்தனர். 14ஆம் நாள் அக்கப்பல் குண்டு வீச்சால் மூழ்கியது. கரையேறியவருள் 21 செவிலியர் இரு நாள் கழித்துப் பங்கா தீவில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

எஞ்சிய மருத்துவரும் நோயாளரும் போர்க்கைதிகளாகிச் சாங்கிக்கு அனுப்பப்பட்டனர். அங்குள்ள ராபர்ட்ஸ் பாசறையில் பல படை மருத்துவமனைகள் ஒன்றாய் இயங்கின. பின்னர்க் கூறப்போகும் போர்வைகள் சென்று சேர்ந்த இடம் சாங்கியின் இப்படை மருத்துவமனையே.

சிறைக்குள் ஊசி

அம்மருத்துவமனைக்குச் சற்றுத் தொலைவில் இருந்தது சாங்கிச் சிறைச்சாலை. அது 600 பேருக்கெனக் கட்டப்பெற்றது. 1942 மார்ச்சில் ஐரோப்பியக் குடிமக்கள் பல மடங்கு மிகுதியாக அதனுள் அடைக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் மட்டுமே ஏறத்தாழ 400 பேர். ஆடவர் ஒரு புறம், பெண்டிர் ஒரு புறம் எனச் சுவர் பிரித்தது. கணவன் உயிரோடிருக்கின்றானா என மனைவி அறியாள். மனைவி எங்கிருக்கின்றாள் எனக் கணவன் அறியான். கடிதப் போக்குவரத்து இல்லை.

இந்நிலையில் எலிசபெத் என்னிஸ் என்னும் செவிலி, சிறையிலிருந்த சிறுமியரைக் கொண்டு ஒரு சாரணியர் குழு அமைத்தார். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள ஏறத்தாழ இருபது சிறுமியர் வாரம் ஒருமுறை சிறை முற்றத்தின் ஒரு மூலையில் கூடினர். அன்புத் தலைவியின் பிறந்த நாளுக்குப் பரிசளிக்க விரும்பிய அவர்கள், அவர் அறியாமலே ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்கத் தொடங்கினர். கடையில்லை, துணியில்லை. கிழிந்த ஆடைகளின் துண்டுகளே துணியாயின. பழந்துணியிலிருந்து பிரித்தெடுத்த இழைகளே நூலாயின.

அவர்கள் மேற்கொண்டது அறுகோண ஒட்டுத்தையல். இவ்வேலையில் துணியை ஆறு பக்கமுள்ள துண்டுகளாக வெட்டி, ஓரம் மடித்து, ஒன்றோடொன்று விளிம்பில் தைப்பர். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என ஏழு துண்டு சேர்ந்தால் ஒரு பூவாகும். இதிலுள்ள நுட்பம் கருதத்தக்கது. ஒரு துண்டின் அளவு சிறிது பிழைத்தாலும் பக்கத்துத் துண்டு பொருந்தாது, பூ கோணும், பல கை கூடிச் செய்யும் போர்வையும் கோணும். ஆகவே ஒருத்தி தன் வேலையை முடித்த பின் காட்டுவது என்பது இத்தொழிலில் பயன்படாது. செய்யும்போதே காட்டல் வேண்டும். பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தல் வேண்டும். தவறியதைப் பிரித்துத் தைத்தல் வேண்டும். முடியாத வேலையைத் தோழியர் முன் நாணமின்றி விரித்து வைக்கும் பழக்கமே இக்கைத்தொழிலின் இலக்கணம். தம் பெயர்களையும் அச்சிறுமியர் அதில் தைத்தனர்.

மூன்று போர்வைகள்

சிறுமியரின் இம்முயற்சியே பெரியோருக்கு வழிகாட்டியது என்பர். சிறையில் செஞ்சிலுவைப் பணியை ஏற்றிருந்த கனடா நாட்டு எத்தல் மல்வேனி, புண்பட்ட வீரருக்குப் போர்வை தைத்து அனுப்பலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். ஆறு அங்குலச் சதுரத் துணி பெண்களுக்கு வழங்கப்பெற்றது. தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றை ஒவ்வொருவரும் அதில் பூவேலையாய்த் தைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. 66 சதுரங்களை இணைத்து ஒரு போர்வை. இவ்வாறு மூன்று போர்வைகள் உருவாயின. ஒன்று பிரிட்டிஷ் வீரருக்கு. ஒன்று ஆஸ்திரேலிய வீரருக்கு. மூன்றாவது, புண்பட்ட ஜப்பானிய வீரருக்கு.

பகைவருக்கும் ஒன்று தைத்தது ஏன் என வினவலாம். மற்ற இரண்டையும் வெளியே அனுப்ப இசைவு பெறுதற்கு அதுவே வழி என அவர்கள் கருதினர் என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். ஆயினும் அப்போர்வையைக் காண்போர், அதிலும் கைத்திறம் குறைவின்றி அமைந்திருத்தலை உணர்வர். மலர் முதலிய மென்மையான உருவங்களே அதில் மிகுதி. மற்ற இரண்டிலோ தாய்நாட்டு நினைவும், சிறை வாழ்வின் காட்சியும், அடக்கிய நகைச்சுவையும் இடம் பெற்றன. அவற்றின் சதுரங்களில் தைத்தவரின் பெயரும் பெரும்பாலும் இருந்தது.

இப்பெயர்தான் போர்வையின் உயிர். காவலர் கண்ணுக்கு அது ஓர் அழகு வேலை. மருத்துவமனையில் படுத்திருந்தவருக்கோ அது ஒரு பெயர்ப்பட்டியல். இன்னின்னார் சாங்கிச் சிறையில் உயிருடன் உள்ளனர் என்னும் செய்தியை, தாள் செய்ய முடியாதபோது துணி செய்தது.

இதே காலத்தில் செருமானியர் சிறையிலிருந்த பிரிட்டிஷ் மேஜர் அலெக்சிஸ் காஸ்டாக்ளி என்பார் 1941 டிசம்பரில் ஒரு பூவேலைத் துணி தைத்தார். அதன் ஓரத்துப் புள்ளியும் கோடும் மார்ஸ் தந்திக் குறியால் இட்லரைப் பழித்தன. அதனை அறியாத காவலர் பல முகாம்களில் அத்துணியைக் காட்சிக்கு வைத்தனர். அது தனி ஒருவரின் துணிவு. பொருளை மறைத்தலே அதன் வெற்றி. சாங்கிப் போர்வையோ பலர் கூடிய துணிவு. பெயரை வெளிப்படுத்தலே அதன் வெற்றி.

எஞ்சி நின்றவை

பெண்கள் 1944 மே மாதத்தில் சாங்கிச் சிறையிலிருந்து சைம் சாலை முகாமுக்கு மாற்றப்பட்டனர். 1945இல் போர் முடிந்தது. போர்வைகள் அழியவில்லை. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. பிரிட்டிஷ் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தாரிடமும், சாரணியர் போர்வை இலண்டன் போர் அருங்காட்சியகத்திலும் உள்ளன. பெயர்கள் இன்றும் படிக்கும் நிலையில் இருக்கின்றன.

இவ்விடத்தில் தமிழர் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மாண்டவர் மிகப் பலர். அவர்களுடைய முழுமையான பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை. வீழ்ந்த வீரன் பெயரை நடுகல்லில் பொறித்துப் போற்றிய இனத்தின் மக்கள், கல்லிலும் துணியிலும் பெயரின்றிக் காட்டில் மறைந்தனர். சாங்கிப் பெண்கள் பட்ட துன்பமும் பெரிது. ஆயினும் அவர்களுக்கு ஓர் ஊசியும், ஒரு முழத் துணியும், அருகில் அமர்ந்து பார்க்கத் தோழியரும் இருந்தனர். அம்மூன்றும் கூடியதால் பெயர் நின்றது.

ஓய்வு நேரக் கைவேலையை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் உளர். பலர் கூடி, ஒருவர் வேலையை ஒருவர் கண்டு, துண்டோடு துண்டு பொருத்தும் இடத்தில் துணி மட்டும் இணைவதில்லை. அங்கே இருந்தவர் இன்னார் என்னும் வரலாறும் எழுதப்படுகின்றது.