பல்லியமும் தனிக்கலைஞரும்: கொச்சிக் கரையிலிருந்து ஒரு குறிப்பு

இளங்கலைஞர் ஒருவரை முழு இசைக்குழுவின் முன் நிறுத்தி அறிமுகம் செய்வது ஐரோப்பியச் செவ்வியல் இசையின் நெடுநாள் வழக்கம். கன்செர்ட்டோ என்னும் வடிவமே அதற்கு இடமளிக்கிறது. கருநாடக இசையில் அத்தகைய அரங்கு ஏன் வேரூன்றவில்லை? இவ்வினாவுக்குக் கொச்சியைச் சூழ்ந்த சிறு நிலப்பரப்பிலேயே விடை தேடலாம்.

பல்லியம் நமக்குப் புதிதன்று. சங்கப் புலவர் ஒருவர் நெடும்பல்லியத்தனார் என்றே அறியப்படுகிறார். 1952-இல் அகில இந்திய வானொலியும் ரவிசங்கர், டி. கே. ஜெயராம ஐயர் ஆகியோரை நடத்துநர்களாகக் கொண்டு வாத்திய விருந்தத்தை அமைத்தது. ஆயினும் பலர் ஒருங்கே வாசிக்க எழுதிவைத்த சுரம் வேண்டும். ஆலாபனையும் கற்பனைச் சுரமுமோ அரங்கிலேயே பிறப்பவை. கற்பிதம் பெருகுமிடத்தில் மனோதர்மம் சுருங்கும். இளையவரின் தகுதியை நம் மரபு அளப்பதோ மனோதர்மத்தைக் கொண்டே.

ஆகவே மூத்தோரின் அருகிருக்கையே இளையோரின் தேர்வுக்களமாயிற்று. 1928-இல் திருப்பூணித்துறையில் பிறந்த டி. என். கிருஷ்ணன், தந்தை நாராயண ஐயரிடம் வயலின் பயின்றவர். அரியக்குடி, செம்மங்குடி முதலியோருக்குப் பக்கம் வாசித்தார். பாடகரின் ஆலாபனையை நிழலெனத் தொடர்ந்து, தம் முறை வரும்போது அதே ராகத்துக்குத் தம் விடையைத் தருவது பக்கவாத்தியக்காரரின் கடமை. இப்பயிற்சி வழியே ஒப்பற்ற தனிக்கலைஞராக உயர்ந்த அவருக்கு 1980-இல் சங்கீத கலாநிதி விருது கிட்டியது.

வைப்பினில் படகேறினால் எதிர்க்கரை ஃபோர்ட் கொச்சி. அங்கு 1940-இல் பிறந்த கே. ஜே. யேசுதாஸ் 1961 முதல் திரையிசைக் குழுக்களோடு பாடிப் புகழெய்தியவர். ஆயினும் கச்சேரி இசையில் மேலும் தேற, செம்பை வைத்தியநாத பாகவதரிடம் மாணவராக அமர்ந்தார். கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஒருவரைச் செம்பை சீடராக ஏற்றது, அரங்கின் எல்லையை விரித்த செயல்.

இங்கேதான் ஆய்வாளர் நின்று நோக்க வேண்டும். மூத்தவர் மனம் திறந்தால் வாயிலும் திறக்கிறது, திறவாவிடில்? எழுதிய சுரத்துக்குக் கட்டுப்படாத நம் கச்சேரி, மூத்தோரின் பரிவுக்குக் கட்டுப்பட்டே இருந்தது. அருகில் அமர்த்தப்பட்டோரின் வரலாற்றை நாம் விரிவாக எழுதிவிட்டோம். திறனிருந்தும் அமர்த்தப்படாதோரின் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. பழைய சபா அழைப்பிதழ்களையும் வானொலி நிகழ்ச்சி நிரல்களையும் கையிலெடுக்கும் மாணவர்கள், அவற்றில் உள்ள பெயர்களோடு இல்லாத பெயர்களையும் தேடுவார்களாக.