மக்காச்சோளமும் மறதியும்

முதுமையில் அறிவு மங்குவதை விதி என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் உணவில் ஒரு சத்து குறைந்ததால் அறிவு மங்கி, அது கிடைத்ததும் தெளிந்த வரலாறும் உண்டு. அந்த நோயின் பெயர் பெலாகரா.

18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் காசல் இதை முதன்முதலில் விவரித்தார். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை உழவர்களைப் பிடித்த நோய் இது. முதலில் வெயில் படும் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு வரும். பின்னர் மனம் குழம்பி நினைவு தவறும். இந்த நிலையைத்தான் 'டிமென்ஷியா' என்கிறோம். கவனியாவிட்டால் சாவுதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் இது கொள்ளைநோய்போல் பரவியது. 1906 முதல் 1940 வரை சுமார் 30 லட்சம் பேரைத் தாக்கி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் கொன்றதாக மதிப்பிடுகின்றனர். கிருமியே காரணம் என்று மருத்துவர்களில் பலர் நம்பினர்.

1914இல் இதை ஆராய அனுப்பப்பட்ட டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் மனநோய் மருத்துவமனைகளில் ஒன்றைக் கவனித்தார். நோயாளிகளுக்குப் பெலாகரா வந்தது, தாதியருக்கு வரவில்லை. கிருமிக்கு இந்தப் பாகுபாடு தெரியுமா? வேறுபாடு தட்டில்தான் இருந்தது. அவர் இரண்டு அனாதை இல்லங்களின் உணவில் பால், முட்டை, இறைச்சி, பயறு ஆகியவற்றைச் சேர்த்தார். நோய் ஏறத்தாழ மறைந்தது.

ஒரு காரணியைச் சேர்த்துப் பார்த்தால், அதை நீக்கியும் பார்க்க வேண்டும் என்று எங்கள் சோதனைச்சாலையில் சொல்வோம். 1915இல் மிசிசிப்பி சிறைப் பண்ணையில் அவர் அதையே செய்தார். விடுதலை தருவதாகச் சொல்லிக் கைதிகளுக்குச் சத்துக்குறைந்த உணவு அளிக்கப்பட்டது. 11 பேரில் 6 பேருக்கு நோய் வந்தது. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதற்கு இசையாது, இசையவும் கூடாது. ஆனால் அவர் தம்மையும் விட்டுவைக்கவில்லை. 1916இல் நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். மனைவி மேரியும் முன்வந்தார். இருவருக்கும் நோய் தொற்றவில்லை.

ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. தம் மக்கள் அரைப்பட்டினி கிடக்கின்றனர் என்பதை ஒப்புக்கொள்ளத் தென் மாநிலத் தலைவர்கள் பலருக்கு மனமில்லை. 1929இல் கோல்ட்பெர்கர் மறைந்தார். அவர் தேடிய சத்து நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின், என்பதை 1937இல் கான்ராட் எல்வெஜம் காட்டினார். அதைக் கொடுத்ததும் மனம் குழம்பிக் கிடந்த பலர் சில நாட்களிலேயே தெளிந்தனர்.

மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. அது கட்டுண்டு கிடப்பதால் குடல் அதை ஈர்க்க முடிவதில்லை. மெக்சிகோ மக்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்டதால் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஐரோப்பாவுக்குத் தானியம் கப்பலேறியது. அந்தச் சமையல் பழக்கம் ஏறவில்லை.

அல்சைமர் போன்ற நோய்கள் இப்படி ஒரே மாத்திரைக்கு மசிவதில்லை. அதனால்தான் 2009இல் பின்லாந்தில் தொடங்கிய 'ஃபிங்கர்' ஆய்வு பல பழக்கங்களைச் சேர்த்து மாற்றிப் பார்த்தது. 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேரில் ஒரு பாதியினருக்குக் காய்கனியும் மீனும் மிகுந்த உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவை தரப்பட்டன; மறுபாதியினருக்குப் பொதுவான நல அறிவுரை மட்டும். இரண்டாண்டு முடிவில் முதற் பாதியினரின் அறிவுத்திறன் மதிப்பெண் கூடுதலாக உயர்ந்திருந்தது. ஆனால் அந்த இரண்டாண்டில் அளக்கப்பட்டது அறிவுத்திறன்தான். டிமென்ஷியா வந்தவர்களின் எண்ணிக்கை அன்று.